எழுத்தாணி அறியாத தடிப்பு

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள ஓலைச்சுவடி அருங்காட்சியகத்தில், பேழையின்மீது குனிந்து பார்ப்பவர் கண்ணில் ஒன்று படாமற்போகாது: சுவடியின் கோடு தொடக்கம் முதல் இறுதிவரை ஏறத்தாழ ஒரே கனத்தில் ஓடுகிறது. எழுத்தாணி கீறும், பேனாவைப்போல் மை பரப்பாது. கீறலில் கரியைத் தேய்த்த பின்னரே எழுத்து துலங்கும். ஆகவே மெல்லியது, தடித்தது என்னும் வேறுபாடு ஓலையெழுத்தின் இயல்பில் இல்லை. ரோமானிய எழுத்தின் முனைகளில் நிற்கும் செரிஃப் என்னும் குறுங்கோடும் இல்லை.

ரோமானிய எழுத்திலோ அக்குறுங்கோட்டை நீக்கியவர்கள் பெரும்பாலும் கனவேறுபாட்டையும் சேர்த்தே குறைத்தார்கள். செரிஃப் இன்றியும் தடிப்பு மெலிவைக் காத்த எழுத்துருக்கள் சிலவே. தலைப்புக்கு அவை தரும் நேர்த்தி தனி. கசாந்தர் வடித்த பெய்னோ 1937இல் வந்தது. ஹெர்மன் சாஃப் 1950இல் ஃபுளோரன்ஸ் சாந்தா குரோச்சே தேவாலயத்தின் தரைக் கல்லெழுத்துகளைக் கண்டு, கையில் தாள் இல்லாமையால் ஆயிரம் லீரா பணத்தாளில் வரைந்துகொண்டார். அதிலிருந்து பிறந்த ஆப்டிமா 1958இல் வெளியாயிற்று. அதன் கனவேறுபாடு அந்த மண்ணின் கல்லில் கற்றது.

கருத்தரங்குக்கு மும்மொழிச் சுவரொட்டி அமைக்கும் மாணவருக்கு இவ்வரலாறு தலைவலியாகவே வந்து சேர்கிறது. ஆங்கிலத் தலைப்பு எழிலோடு நிற்கும்; மலையாளமும் தமிழும் கணினியில் கிடைத்த ஏதோவோர் எழுத்துருவில் அடியில் ஒதுங்கியிருக்கும். அப்படியானால் அவற்றையும் மெலித்துவிடலாமே என்று தோன்றும். எந்தக் கோட்டை மெலிப்பது? ஆங்கிலத்தில் அதற்கு விடை சொல்லப் பட்டைமுனைப் பேனாவின் பழக்கம் இருக்கிறது. தமிழிலோ ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியிலுள்ள சிறு சாய்கோடு ஒன்றுதான். அழகு கருதி அதை மயிரிழையாக்கினால் பாலையத்தில் ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு 'ர' எது, 'ா' எது?

மலையாளத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதியாக 1971இல் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் உகரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்தது, கூட்டெழுத்துகள் பலவற்றை உடைத்தது. (தமிழில் 1978இல் நடந்தது இதனோடு ஒப்பிட மிகச் சிறிய மாற்றம்.) உடைந்தவற்றைக் கணினியில் மீட்கவே 1999இல் சித்ரஜகுமார் முதலியோரின் ரசனா இயக்கம் எழுந்தது. கூட்டெழுத்தில் ஓர் உருவும் மற்றோர் உருவும் பொருந்தும் இணைப்பே உயிர்நிலை. கருவியை மட்டும் எண்ணி ஒருமுறை அறுத்த அவ்விணைப்பை, மீட்டபின் அலங்காரத்துக்காக மறுபடி தேய்ப்பது எவ்வகையிலும் தகாது.

பினோய் டொமினிக் வடிவமைத்த காயத்ரி, 2019இல் தலைப்புகளுக்கென்றே வெளிவந்த மலையாள எழுத்துரு. கேரள பாஷா இன்ஸ்டிட்யூட்டின் நிதியுதவி பெற்றது. மெல்லியது, இயல்பு, தடித்தது என மூன்று கனங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரே எழுத்துக்குள் வேறுபாட்டைத் திணிக்காமல், பெரிய தலைப்பை மெல்லிய கனத்திலும் அடுத்த வரியைத் தடித்த கனத்திலும் அமைத்துப் பார்க்க அதுவே போதும். தமிழ் வரிக்கும் இம்முறை ஒத்துவரும். அச்சுக்கு அனுப்புமுன் தாளைச் சுவரில் ஒட்டி, பத்தடி விலகி நின்று, ரகரத்தின் கால் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.