தனியா போட்ட கறுப்பு பியர்

பியரில் தனியா போடுகிறார்கள் என்று சொன்னால், "அது பியரா, ரசமா?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நிஜமாகவே போடுகிறார்கள். யாரோ விளையாட்டுக்குச் செய்து பார்த்த விஷயம் இல்லை இது. பெல்ஜியத்தின் தெற்கில், ஆர்டென் காட்டுப் பக்கம் ரோஷ்ஃபோர் என்று ஒரு சின்ன ஊர். அதன் அருகில் இருக்கும் சேன்-ரேமி மடத்தில் துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சும் பியரில் ஒரு சிட்டிகை மல்லி விதை சேர்கிறது. அந்த மடத்தின் பியர்களில் பெரியண்ணன் 'ரோஷ்ஃபோர் 10'. நீல லேபிள், 330 மில்லி பாட்டில், 11.3 சதவீதம் ஆல்கஹால்.

அந்தக் கடைசி எண்ணை அவசரமாகக் கடந்து போகக்கூடாது. சாதாரண லாகர் பியர் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 650 மில்லி பெரிய பாட்டில் ஒன்றில் இருக்கும் சுத்த ஆல்கஹால் 32 மில்லி சொச்சம். இந்தக் குட்டி பாட்டிலில் இருப்பது 37 மில்லி. "சின்ன பாட்டில்தானே, ரெண்டு கொண்டு வா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது கணக்கு புரியும் :)

பெயரில் உள்ள 10 ஆல்கஹால் அளவு கிடையாது. புளிக்க வைக்கும் முன் அந்தக் கரைசல் எவ்வளவு அடர்த்தி என்பதற்குப் பழைய பெல்ஜியக் கணக்கில் சொன்ன எண் அது. இதற்குத் தம்பிகள் 6, 8 என்று உண்டு. 2020-ல் ட்ரிப்பிள் எக்ஸ்ட்ரா என்று வெளிர்நிறத்தில் ஒரு கடைக்குட்டியும் வந்து சேர்ந்தது.

முதல் தடவை குடிப்பவர் வழக்கமாகச் செய்யும் தப்புகள் மூன்று. ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஐஸ் மாதிரி குளிர வைப்பார். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து முழுவதையும் ஒரே மூச்சில் ஊற்றுவார். அப்புறம் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது போல மடக் மடக்கென்று குடிப்பார். மூன்றுமே லாகர் பழக்கம். லாகரை அப்படிக் குடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இதை அப்படிக் குடித்தால் இருமல் மருந்து குடித்த மாதிரி முகம் போகும். "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று பாட்டிலைத் தள்ளி வைத்துவிடுவார்.

இதைக் கொஞ்சம் குளிர் விட்ட பிறகுதான் திறக்க வேண்டும், 12 டிகிரியை ஒட்டி. வாய் அகன்ற கிண்ணக் கோப்பை நல்லது. சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, பாட்டிலில் ஒரு விரற்கடை மிச்சம் விட வேண்டும். அடியில் இருப்பது வண்டல். அழுக்கு என்று பயப்பட வேண்டாம், ஈஸ்ட். பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகிறார்கள். உள்ளே இன்னொரு தடவை புளித்து, நுரைக்கான வாயு அங்கேயே உண்டாகிறது. அதனால்தான் இந்தப் பியரை வருஷக்கணக்கில் நிலவறையில் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். வயதாக ஆக ருசி மாறும். நல்ல பக்கமாக மாறுமா என்பதில் குடிகாரர்கள், மன்னிக்க, ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஊற்றியாச்சு. நிறம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் செம்பழுப்பு, நடுவில் கிட்டத்தட்ட கறுப்பு. மேலே பழுப்பு நுரை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் முதலில் வருவது உலர்ந்த பழங்கள். கிஸ்மிஸ், அத்தி, பேரீச்சை. அதன் பின்னால் கருப்பட்டிப் பாகு காய்ச்சும் அடுப்படி வாசனை. கொஞ்சம் பொறுத்தால் கிராம்பு. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மிளகு மாதிரி ஒரு சுறுசுறுப்பு. தனியா எங்கே என்று தேடினால் அவ்வளவு சுலபத்தில் அகப்படாது.

வேடிக்கையே இங்கேதான் இருக்கிறது. குடிப்பவர் "ஆஹா, என்ன மசாலா!" என்று சொல்கிற கிராம்பை யாருமே போடவில்லை. தானியத்தில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சில வகை ஈஸ்ட்கள் அதை உடைத்து 4-வினைல்குவாயகால் என்கிற பொருளாக மாற்றுகின்றன. பெயர்தான் வாயில் நுழையாது, வாசனை அச்சு அசல் கிராம்பு. பல பெல்ஜிய பியர்களில் வரும் வாழைப்பழ வாசனையும் இப்படித்தான், ஐசோஅமைல் அசிடேட் என்று ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர். பழக்கூடையும் அஞ்சறைப்பெட்டியும் முக்கால்வாசி அந்தக் கண்ணுக்குத் தெரியாத உயிரின் வேலை. மல்லி விதையில் இருக்கும் லினலூல் என்கிற வாசனைப்பொருள் ஹாப்ஸிலும் உண்டு. அதனால் தனியா தனியாக நிற்காமல் ஹாப்ஸோடு கலந்து, எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு லேசான வெளிச்சத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. சாம்பாரில் பெருங்காயம் போல. இருப்பது தெரியக்கூடாது, இல்லாவிட்டால் தெரிய வேண்டும்.

நிறத்துக்கும் இதே கதை. கறுப்பு பியர் என்றால் மால்ட்டைக் கருக வறுத்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அயர்லாந்தின் ஸ்டவுட்டில் அது சரி. இந்த வகை பெல்ஜிய பியரில் கறுப்பின் பெரும்பங்கு சர்க்கரைப் பாகு. சர்க்கரை பீட்டிலிருந்து எடுத்த சர்க்கரையைக் காய்ச்சிக் காய்ச்சி நிறமேற்றிய பாகு. சர்க்கரை சேர்த்தால் இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் துடைத்துத் தின்று ஆல்கஹாலாக்கிவிடும். மிஞ்சுவது நிறமும் வாசனையும். முழுக்க மால்ட்டிலேயே 11 சதவீதம் கொண்டு வந்தால் கஞ்சி மாதிரி கனத்து நாக்கில் ஒட்டும். சர்க்கரை அந்தக் கனத்தைக் குறைத்து, தொண்டையில் லேசாக இறங்க வைக்கிறது.

மசாலா விஷயத்தில் பெல்ஜியத்துக்கு மட்டும் எப்படி இந்தச் சுதந்திரம்? பக்கத்து பவேரியாவில் 1516-லேயே பியரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றும்தான் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பெல்ஜியத்தில் அப்படி யாரும் கோடு கிழிக்கவில்லை. ஹாப்ஸ் பரவுவதற்கு முன் அந்தப் பக்கமெல்லாம் 'க்ரூட்' என்கிற மூலிகைக் கலவைதான். அதை விற்கும் உரிமையே ஒரு வரி வருமானம். ப்ரூஜ் நகரில் இன்று அருங்காட்சியகமாக இருக்கும் க்ரூட்ஹூஸெ மாளிகையின் சொந்தக்காரர்கள் அந்த உரிமையில் செழித்தவர்கள்தான். வீட்டுப் பெயரிலேயே இருக்கிறது.

பிறகு இந்த மரபு கிட்டத்தட்ட செத்துப்போன கட்டமும் உண்டு. ஹூகார்டன் என்கிற ஊரின் மல்லி, ஆரஞ்சுத்தோல் போட்ட வெள்ளை பியரைக் காய்ச்ச 1950களின் கடைசியில் ஒருவரும் மிச்சமில்லை. 1960களின் நடுவில் அதை மறுபடி காய்ச்ச ஆரம்பித்தவர் பால் விநியோகம் செய்துகொண்டிருந்த பியர் செலிஸ். (தமிழில் எழுதினால் அவர் பெயரே பியர். இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும்!) வெள்ளை பியர் வேறு வகை, கறுப்புக்கும் அதற்கும் நேரடி உறவில்லை. ஆனால் "பெல்ஜியம் என்றால் மல்லி, ஆரஞ்சுத்தோல்" என்று உலகம் நினைக்க ஆரம்பித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படி நினைத்ததில் ஒரு கெடுதலும் நடந்தது. பெல்ஜியத்துக்கு வெளியே 'பெல்ஜிய பாணி' கறுப்பு பியர் செய்யக் கிளம்பிய பலர் டப்பாவைத் திறந்து கொட்ட ஆரம்பித்தார்கள். கிராம்பு வாசனை வர வேண்டுமா? கிராம்பையே போடு! ஈஸ்ட்டும் சூடும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையைக் கடையில் வாங்கிய மசாலா பார்த்தது. கிறிஸ்துமஸ் சமயத்து பியர்கள் சிலவற்றைக் குடித்தால் கேக் மாவைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கும். எல்லாரையும் இதில் சேர்க்க முடியாது. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் 1997-ல் தொடங்கிய ஓமகாங் தன் கறுப்பு ஆபே ஏலில் மல்லி, ஆரஞ்சுத்தோல், அதிமதுரம், நட்சத்திர சோம்பு, சீரகம் வரை போட்டது. பட்டியலைப் படித்தால் குருமா. குடித்தவர்கள் நல்ல பியர் என்றே சொன்னார்கள். கை அளவு தெரிந்தவன் சமையல்.

கோப்பைக்குத் திரும்பலாம். இதற்குள் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், பியரும் கொஞ்சம் சூடேறியிருக்கும். இப்போது சாக்லேட் மாதிரி ஒன்று எட்டிப்பார்க்கும். நெஞ்சில் ஆல்கஹாலின் கதகதப்பு இறங்கும். போர்ட் ஒயின் குடித்தவர்களுக்கு அந்த ஞாபகம் வரும். பியரில் இவ்வளவு பலம் எதற்கு என்று கேட்டால், ஒரு காரணம் சட்டம். 1919-ல் வந்த வாண்டர்வெல்ட சட்டம் பெல்ஜிய மதுக்கடைகளில் ஜின் போன்ற கடும் சாராயங்களை ஊற்றிக்கொடுக்கத் தடை போட்டது. குடிப்பவர்களின் தேவை மட்டும் அப்படியே இருந்தது. பலமான பியர்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

துறவிகள் மது காய்ச்சலாமா என்ற கேள்வி இன்னும் வரவில்லை என்றால் ஆச்சரியம்தான். ட்ராப்பிஸ்ட் துறவிகள் தங்கள் உழைப்பில் வாழ வேண்டும் என்ற விதி உள்ளவர்கள். சிலர் சீஸ் செய்கிறார்கள், சிலர் பியர். 'ட்ராப்பிஸ்ட்' முத்திரை வேண்டுமென்றால் மடத்துச் சுவருக்குள்ளேயே, துறவிகள் கண்காணிப்பில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடத்தின் செலவுக்கும் தர்மத்துக்கும் போக வேண்டும். ஆஹெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதும் 2021-ல் அதன் பியர் முத்திரையை இழந்தது. ருசி மாறவில்லை, ஆனாலும் போனது போனதுதான்.

சேன்-ரேமி மடம் 1230-ல் கன்னியர் மடமாகத் தொடங்கி, 1464-ல் துறவிகள் கைக்கு வந்தது. பியர் காய்ச்சியதற்கு 1595-லேயே தடயம் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி சமயத்தில் மூடப்பட்டு, 1887-ல் மறுபடி துறவிகள் வந்து, 1899-ல் மறுபடி காய்ச்சினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தள்ளாடியபோது கைகொடுத்தது போட்டியாளரான ஷிமே மடம். 2010 டிசம்பர் 29-ல் மடத்தில் பெரிய தீவிபத்து. பியர் ஆலை தப்பியது.

தீயைத் தாண்டி வந்த ஆலைக்கு ஆபத்து தண்ணீரில் இருந்தது. மடத்துக்கும் ரோஷ்ஃபோர் ஊருக்கும் தண்ணீர் தருவது ட்ரிடேன் என்கிற ஊற்று. சுண்ணாம்புப் பாறைக்குள் வடிந்து வரும் தண்ணீர். அதே பாறைதான் லுவாஸ்ட் என்கிற சுண்ணாம்பு நிறுவனத்தின் குவாரிக்கும் மூலதனம். நிறுவனம் குவாரியை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழேயும் தோண்டத் திட்டமிட்டது. அதற்கு ஊற்று நீரை இறைத்து வேறு வழியில் திருப்ப வேண்டும். தண்ணீரின் தரம் கெடாது என்றது நிறுவனம். குவாரியை நம்பிய வேலைகளும் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். துறவிகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஈஸ்ட்டை எடுத்து வைக்கலாம், மல்லியைக் கடையில் வாங்கலாம், தண்ணீரை யாரிடம் கேட்பது?

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 2021-ல் லியேஜ் மேல்முறையீட்டு நீதிமன்றம் மடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊற்று இருக்கும் நிலம் நிறுவனத்துடையதுதான், ஆனால் மடத்துக்குப் போகும் தண்ணீரை எடுக்கவோ திருப்பவோ அதற்கு உரிமை இல்லை என்றது தீர்ப்பு. ஆதாரம் 1833-ம் ஆண்டுப் பத்திரம் ஒன்று. அந்த வருஷம் மடத்தில் ஒரு துறவிகூட இல்லை! யாரோ எப்போதோ எழுதிவைத்த காகிதம் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்துத் தண்ணீரைக் காப்பாற்றியது.

பேச்சில் கோப்பை காலியாகிவிட்டது. பாட்டிலில் அந்த ஒரு விரற்கடை வண்டல் மிச்சம். சிலர் அதைக் கொட்டிவிடுவார்கள், சிலர் சின்ன கிளாஸில் தனியாக ஊற்றிக் குடிப்பார்கள். கலங்கலாக, கொஞ்சம் கசப்பாக, ரொட்டி மாவு வாசனையோடு இருக்கும். இரண்டாவது பாட்டில் வேண்டாம், அந்த 37 மில்லி இப்போதுதான் வேலையை ஆரம்பித்திருக்கும். வண்டலைக் குடித்துப் பார்க்கலாம்.