பாரதப்புழைக் கரையில் கதகளி

கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் இரயில் நம்மை ஷொர்ணூர்ச் சந்திப்பில் இறக்கிவிடுகிறது. மலையாள மக்கள் ‘நிளா’ என்று அன்போடு அழைக்கும் பாரதப்புழையின் பாலத்தைக் கடந்தால் செறுதுருத்தி என்னும் சிற்றூர். கதகளிக்கு மறுவாழ்வளித்த கேரளக் கலாமண்டலம் இங்குதான் இருக்கிறது.

கதகளியின் பிறப்பைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கொட்டாரக்கரைத் தம்புரான், தம் இல்ல விழாவுக்குக் கிருஷ்ணனாட்டக் குழுவை அனுப்புமாறு கோழிக்கோட்டுச் சாமூதிரியை வேண்டினாராம். தெற்கே அதனைச் சுவைக்க வல்லார் இலர் என்று சாமூதிரி மறுத்தாராம். மனம் நொந்த தம்புரான், இராமாயணத்தை எட்டு நாள் ஆட்டமாக வகுத்து இராமனாட்டம் கண்டார். கிருஷ்ணனாட்டம் வடமொழியில் அமைந்தது; இராமனாட்டமோ வடமொழி கலந்த மலையாளத்தில் எழுந்தது. அதுவே வளர்ந்து கதகளியாயிற்று.

இதில் நடிகர் பேசுவதில்லை. பின்னால் நின்று பாடகர் பாட, செண்டையும் மத்தளமும் முழங்க, 24 அடிப்படை முத்திரைகளாலும் கண்ணசைவாலும் கதை விரிகிறது. முகத்தின் வண்ணமே குணத்தை உரைக்கும். பச்சை நல்லோர்க்கு உரியது. பச்சையினூடே செந்நிறம் தீட்டிய ‘கத்தி’ வேடம் செருக்குற்ற வீரர்க்கு உரியது.

ஆதரித்த குடும்பங்கள் நலிவுற்றபோது இக்கலையும் நலிந்தது. கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனோன், முகுந்தராஜாவின் துணையோடு பரிசுச்சீட்டு நடத்திப் பொருள் திரட்டி, 1930-இல் கலாமண்டலத்தை நிறுவினார்.

அங்கு 1957-இல் ஹைதரலி என்னும் ஏழை முஸ்லிம் சிறுவர் கதகளி இசை பயிலச் சேர்ந்தார். குரலால் புகழ் பெற்றும், பல கோயில்களுக்குள் சென்று பாட அவருக்கு இடமில்லை. ஹரிப்பாட்டுக் கோயிலொன்றில், மதிலின் ஒரு பகுதியை இடித்து மேடையை வெளியே நீட்டினார்கள். நடிகர்கள் உள்ளே ஆட, அவர் வெளியே நின்று பாடினார். மதிலை இடித்த அன்பைப் போற்றுவோமா, கலைஞரை வெளியே நிறுத்திய வழக்கத்திற்கு வருந்துவோமா? இரண்டும் தகும். அவர் 2006-இல் மறைந்தார்.

ஆண்களுக்கே உரியதாயிருந்த கலாமண்டலக் கதகளி வகுப்பில் 2021-இல் சிறுமியரும் சேர்க்கப்பட்டனர். ஒரு மறுப்பிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் கலை, தான் மறுத்தவர்களை ஒவ்வொருவராக ஏற்று வருகிறது. நம் இல்லங்களிலும் ஊர்களிலும் மதிலுக்கு வெளியே நின்று பாடுவோர் எவரேனும் உளரோ என்று எண்ணிப் பார்ப்போமாக.