38 கேசட்

"மாசாமாசம் சந்தா கட்டுறதா, பிடிச்ச பாட்டை விலைக்கே வாங்கி வச்சுக்கிறதா, எதுப்பா நல்லது?" என்று மகள் போன மாதம் கேட்டாள். பதினாறு வருஷம் பாட்டுக் கடை வைத்திருந்தவன் என்பதால் என்னைக் கேட்டாள். விவரமாகத்தான் பதில் சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பாட்டுக்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பேச எனக்கு வாயில்லை. அது ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1990இல் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரெக்கார்டிங் கடை வைத்தேன். இரண்டு டபுள் டெக், ஓர் ஆம்ப்ளிஃபயர், சுவர் முழுக்கக் கேசட். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, நகரியிலிருந்து தறிக்காரர்கள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரே சீட்டில் மேலே டி.எம்.எஸ்., கீழே கண்டசாலா. 1960 வரை ஆந்திரத்தில் இருந்த ஊர் இது. இரண்டு பாஷையும் எங்களுக்கு ஒன்றுதான். 60 நிமிஷக் கேசட்டை ஹை ஸ்பீடில் போட்டால் அரை மணியில் ஏறிவிடும். ஏறியதும் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துவிடுவேன், யாரும் மேலே பதிந்து அழித்துவிடாமல் இருக்க.

பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இப்படிப் பாட்டை ஏற்றி விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில் என்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கம்பெனிக்காரன் எங்கேயோ இருக்கிறான், அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். முத்துசுவாமி தீட்சிதர் வாயில் முருகன் கற்கண்டு போட்டது இந்த மலையில்தான், அவர் முதல் கீர்த்தனை பிறந்ததும் இங்கேதான் என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை டப்பிங் பட்டனை அமுக்கும்.

ஆனால் எங்கேயோ இல்லாத ஒருத்தருக்கும் அதையே செய்தேன்.

1995 ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பம்பைக்கார அண்ணன் கடைக்கு வந்தார். காவடிக்கு வெண்கலப் பம்பையும் மரப் பம்பையும் சேர்த்துக் கட்டி அவர் அடித்துக்கொண்டு படியேறினால், 365 படியும் ஏறி முடித்த பிறகும் ஜனம் அவரைச் சுற்றியே நிற்கும். வட்டிக்குக் கடன் வாங்கி, மெட்ராசில் சின்ன ஸ்டூடியோ ஒன்றில் பதிந்து, 500 கேசட் போட்டிருந்தார். 50ஐ என் கடையில் வைத்தார். விலை 25 ரூபாய், அதில் எனக்கு 5.

மூன்று நாளில் 12 போனது. நான் கணக்குப் போட்டேன். மொத்தமாக எடுத்தால் வெற்று கேசட் 10 ரூபாய். அதில் ஏற்றி 20க்கு விற்றால் எனக்கு 10 நிற்கும், ஒரிஜினலை விற்றால் 5தான். மிச்சமிருந்த 38ஐயும் கவுண்டருக்கு அடியில் தள்ளினேன். கிருத்திகையும் சரவணப் பொய்கைத் தெப்பமும் முடிவதற்குள் 200க்கு மேல் ஏற்றி விற்றேன்.

அண்ணன் வந்தபோது 12க்கு உண்டான 240 ரூபாயைக் கொடுத்து, 38ஐ எடுத்து முன்னால் வைத்தேன். "ஓடலண்ணா" என்றேன். அவர் ஒவ்வொன்றாக வேட்டி நுனியில் தூசி துடைத்து மஞ்சப்பையில் அடுக்கினார். "உன் மேல இன்னா தப்பு தம்பி. நம்ம பாட்டு இம்மாந்தான்" என்றார்.

ஒரு மாதம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "பள்ளிப்பட்டு பஸ்ஸுல நம்ம பாட்டைப் போட்டான் தம்பி! நீ வித்ததுல ஒண்ணாத்தான் இருக்கணும்" என்று டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டிரைவருக்கு ஏற்றிக் கொடுத்தது நான். டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகு அவர் கேசட் போடவேயில்லை.

மகளுக்கு நான் சொன்ன பதில் இதுதான். ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டுகளைத் தனித்தனியாக விலைக்கு விற்றது. அடுத்த வருஷமே மூடிவிட்டது. கடைதான் போனது, வாங்கியவர்களிடம் பாட்டு தங்கியது. ஏர்டெல்லின் விங்க் 2024இல் மூடப்பட்டபோது, சந்தா கட்டி அதற்குள் இறக்கி வைத்திருந்தவர்களுக்கு அது ஆப்போடு போய்விட்டது. அதனால், விட மனசில்லாத பாட்டை வாங்கு, மற்றதற்குச் சந்தா போதும் என்றேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நான் சந்தா கட்ட ஆரம்பித்ததே பரிகாரமாகத்தான். இனி கேட்கிற பாட்டுக்கெல்லாம் காசு போகிறது என்று நிம்மதியாக இருந்தேன். அண்ணனின் பேரன் அந்தக் கேசட்டை ஆப்பில் ஏற்றியிருப்பது தெரிந்ததும் தினமும் அதையே போட்டுக் கேட்டேன். பிறகுதான் விவரம் புரிந்தது. பெரும்பாலான ஆப்களில் என் சந்தா நான் கேட்கிறவருக்கு நேராகப் போவதில்லை. எல்லார் பணமும் ஒரே குவியலில் விழுந்து, மொத்தத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற விகிதத்தில் பிரிகிறது. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை ஓடாத பாட்டுக்கு ஒரு பைசாவும் கொடுப்பதில்லை. பம்பைப் பாட்டுக்கு 1,000 எங்கே வரும்? அதற்குக் காசு போயிருக்கக்கூடிய ஒரே வழி, என் கவுண்டரில் 25 ரூபாய்க்கு விற்ற அந்தக் கேசட். அந்த வழியை அடைத்தவன் நான்.

அண்ணன் இப்போது இல்லை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். பேரன் பரண் மேலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினான். கேசட் எல்லாம் கண்ணாடிக் காகிதம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. விலைக்குக் கொடு என்று பணத்தை நீட்டினேன். கையைத் தள்ளிவிட்டான்.

"உங்க கிட்டயா? வாணாங்க. கேசட்டை விக்க ஊருல பாடுபட்டது நீங்க ஒருத்தர்தான்னு தாத்தா சொல்லிக்கினே இருப்பாரு."

இரண்டை எடுத்து என் கையில் வைத்தான். நடந்ததைச் சொல்லத்தான் போயிருந்தேன். இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.