உறங்காத பிள்ளையும் உறக்கமிழந்த பெற்றோரும்

அரபு மொழியில் உறக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் ‘சுபாத்’ என்பதன் வேர், அறுத்தல், ஓய்தல் என்னும் பொருள் தருவது. பகலின் இயக்கத்தை அறுத்து நிறுத்துவதே உறக்கம். அவ்வறுப்பு எளிதில் வாய்க்காத பிள்ளைகளும் உளர்.

அதிகாலையில் ஓத வரும் பிள்ளைகளிடையே பல்லாண்டுகளாக அமர்ந்திருப்பவன் நான். உறக்கம் குறைந்த பெரியவர் சோர்ந்து விழுவர். உறக்கம் குறைந்த பிள்ளையோ பெரும்பாலும் துள்ளும். காலை ஆட்டும், அடுத்தவனைச் சீண்டும், சொன்ன பாடத்தை உடனே மறக்கும். உற்றார் அதனை ‘அடங்காப் பிள்ளை’ என்பர். வசை முழுவதும் உம்மாவின் தலையில் விழும்.

மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. எனக் குறிக்கும் கவனக் குறைவும் மிகையியக்கமும் மூளை வளர்ச்சியோடு தொடர்புடையவை. வளர்ப்பின் பழுதால் விளைபவை அல்ல. இக்குறையுடைய பிள்ளைகளுள் மிகப் பலருக்கு உறக்கச் சிக்கலும் உண்டு. படுக்க மறுத்தல், படுத்தும் உறக்கம் வாராமை, இடையே விழித்தல், காலையில் எழ இயலாமை எனப் பலவகை. குறைந்த உறக்கம் மறுநாள் கவனத்தை மேலும் சிதைக்கும்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வாளர்கள் இதற்கொரு வழி கண்டு, 2015இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். 5 முதல் 12 வயது வரையுள்ள 244 பிள்ளைகள் அவ்வாய்வில் இடம்பெற்றனர். ஒரு பகுதியினரின் குடும்பங்களுக்கு அளித்தது இவ்வளவே: இரண்டு நேர்முக ஆலோசனைகள், பின்னர் ஒரு தொலைபேசி உரையாடல். பழக வேண்டியதை முதலில் பெற்றோருக்குக் கற்பித்தனர். இம்முறையில் எனக்குப் பிடித்தது அதுவே.

இத்தகைய ஆலோசனைகளில் கூறப்படுவன எளியவை. ஒன்பது மணிக்குப் படுக்கவைத்தும் பத்தரைக்கே உறங்கும் பிள்ளையை, ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டாமல், சில நாள் பத்தரைக்கே படுக்கவைப்பது. விரைந்து உறங்கப் பழகியபின் கால்மணி கால்மணியாக முன்னே கொண்டுவருவது. எழும் நேரம் மட்டும் விடுமுறையிலும் மாறலாகாது. தனியே உறங்க அஞ்சும் பிள்ளைக்குக் கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து, சில இரவுகளுக்கொருமுறை நாற்காலியை வாசலை நோக்கி நகர்த்துவது. கூடத்தில் ஒன்றாகப் பாய் விரிக்கும் நம் வீடுகளுக்கு நாற்காலி பொருந்தாது. ஆனால் ஒரே வரிசையில் நாள்தோறும் நிகழும் உணவு, பல் துலக்கல், கதை, விளக்கணைப்பு பொருந்தும். மாலைத் தேநீரும் படுக்கையில் கைப்பேசியும் கூடா. தந்தையார் தம் கைப்பேசியை விட்டாலன்றிப் பிள்ளை விடுமோ?

விளைவு அற்புதமன்று. கருவி கொண்டு அளந்த சில பிள்ளைகளிடம் கூடிய உறக்கம் சுமார் 11 நிமிடமே. எனினும் உறக்கச் சிக்கல்கள் குறைந்தன. கவனக்குறைவின் அறிகுறிகளும் ஓரளவு தணிந்தன. ஆறு மாதங்களுக்குப் பின்னரும் அப்பயன் காணப்பட்டது. நடத்தை சீர்பட்டதை ஆசிரியர்களும் கண்டனர். பாட்டன்மார் சிலர் பிரம்பால் கிட்டுமெனக் கருதியது, பெற்றோருக்குச் சொன்ன நான்கு வார்த்தைகளால் ஓரளவேனும் கிட்டியது.

ஆனால் எல்லாம் பழக்கத்தால் தீரும் என்று இருந்துவிடலாகாது. பிள்ளை உரத்துக் குறட்டை விட்டாலோ, மூச்சு இடையறுந்தாலோ, இரவில் கால்களில் அமைதியின்மை எனச் சொன்னாலோ, மருத்துவரிடம் காட்டுக. கவனக்குறைவுக்கான மருந்துகள் சிலவும் உறக்கத்தைத் தள்ளிப்போடும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், உட்கொள்ளும் வேளையை மாற்றலாமா என்று அம்மருத்துவரையே கேட்க வேண்டும்.