காவலாளியும் கள்ளப் பெயரும்

அவனுக்குப் புரியவே இல்லை. அப்பாச்சி அமைப்புக் கோப்பில் 'செட்என்வ்' போட்டு ஒரு சூழல் மாறி கொடுத்தாச்சு, வழங்கியையும் மறுபடி துவக்கியாச்சு. ஆனாலும் பெர்ல் சிஜிஐ நிரலில் அந்த மாறி காலி! இரண்டு ராத்திரி போச்சு.

துறையின் மதிப்பெண் தளம் அது. அசல் ஒன்று, சோதனை ஒன்று. இரண்டுக்கும் நிரல் ஒன்றுதான். மாறி வந்தால் அது காட்டும் அடைவில் தரவை எடுக்கும். வராவிட்டால் அசல் அடைவு.

குற்றவாளி சூஎக்செக். சிஜிஐ நிரலை வழங்கியின் பெயரில் ஓட்டாமல், நிரலின் சொந்தக்காரர் பெயரில் ஓட்டும் சின்னக் காவலாளி. ஆளை மாற்ற ரூட் அதிகாரம் வேண்டும், அதனால் சந்தேகப் புத்தி ஜாஸ்தி. 'எல்டி_பிரீலோட்' மாதிரி மாறியில் விஷமம் செய்தால் வேறு எதையாவது ஓட வைத்துவிடலாமே! எனவே கம்பைல் செய்யும்போதே எழுதிவைத்த பட்டியலில் உள்ள மாறிகளை மட்டும் உள்ளே விடும்.

அந்தப் பட்டியலில் ஒரு சந்து உண்டு. 'எச்டிடிபி_' என்று துவங்கும் எதற்கும் அனுமதி. மாறிக்கு 'எச்டிடிபி_டேட்டா' என்று பெயர் மாற்றினான். வேலை செய்தது! ஒரே குஷி.

அறைத்தோழன் பார்த்துவிட்டுச் சிரித்தான். உலாவி அனுப்பும் தலைப்புகளும் அதே முன்னொட்டோடுதானே நிரலுக்கு வருகின்றன? 'டேட்டா' என்று ஒரு தலைப்பை கர்லில் சேர்த்து, தன் சொந்த அடைவைக் காட்டி, அசல் தளத்துக்கு அனுப்பினான். திரையில் அவனுக்குக் கணிதத்தில் 100!

சிரிக்கிற விஷயமில்லை. 2016 ஜூலையில் 'எச்டிடிபாக்ஸி' என்று உலகமே அலறியது இதே குழப்பத்தால்தான். 'பிராக்ஸி' என்ற தலைப்பு 'எச்டிடிபி_பிராக்ஸி' மாறியாகி, நிரல் வெளியே அனுப்பும் கோரிக்கைகளை அந்நியர் வழியே திருப்பிவிட முடிந்தது.

கடைசியில் அவன் செய்தது எளிது. தளத்துக்கு ஒரு குட்டி ஷெல் உறை: சொந்தப் பெயரில் மாறியை வைத்து, 'எக்செக்' மூலம் அசல் நிரலை அழைக்கும். காவலாளியைத் தாண்டிய பிறகு வைப்பதால் யாரும் பிடுங்குவதில்லை, வெளியாள் தொடவும் முடியாது. உறையில் மற்றவர் எழுத அனுமதி இருக்கக்கூடாது. இருந்தால் சூஎக்செக் ஓட்டாது. கடவுச்சொல்லோ வலை அடைவுக்கு வெளியே, 600 அனுமதியுள்ள கோப்பில்.

காவலாளி நிறுத்தினால் கள்ளப் பெயரில் நுழையாதீர்கள் நண்பர்களே. அதே பெயரில் திருடனும் வருவான்.