பகடையில்லா வாட்போர்

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வீரனாகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு, கதையை வாய்ச்சொல்லாலேயே நடத்திச் செல்லும் விளையாட்டு மேனாட்டில் தோன்றி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கி 1974-இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவ்வகையில் மூத்தது. வாளை ஓங்குகிறேன் என்று ஆட்டக்காரன் சொல்வான். அது பட்டதா, தவறியதா என்று தீர்ப்பது இருபது முகங்கொண்ட பகடை. அத்திப்பட்டில் நம் வீட்டுக் கூடத்தில் சகோதரியின் மக்கள் இருவரும் இவ்விளையாட்டைத் தமிழில் ஆக்கத் தொடங்கியபோது, வாப்பா அவர்கள் ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்கள்: “பகடை இந்த வீட்டுக்குள் வரக் கூடாது.”

இதை முதியவரின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. நர்து என்னும் பகடையாட்டத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கடிந்துரைத்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பணயம் இல்லாவிடினும் அது ஆகாது என்பதே உலமாக்களில் பெரும்பாலோரின் முடிவு. சதுரங்கத்தின் கதை வேறு. பணயமின்றி ஆடினால் மக்ரூஹ் என்ற அளவிலேயே ஷாஃபிஈ மத்ஹபினர் அதை நிறுத்தினர். சதுரங்கம் கணக்கையும் சிந்தனையையும் சார்ந்தது, நர்து விழுகின்ற எண்ணைச் சார்ந்தது என்பது அவர்கள் காட்டிய காரணம். வாப்பா இதை விளக்கியதும் பிள்ளைகளின் முகம் வாடிற்று. நமக்கோ, விளையாட்டை அமைப்பவனுக்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் வேண்டுமா என்று தோன்றியது.

“பகடை இல்லாவிட்டால் வெட்டு பட்டதா இல்லையா என்று யார் சொல்வது, மாமா?” என்றான் மருமகன். நியாயமான கேள்விதான்.

பூதங்களின் பெயரால் வாட்போர் முறைகளை வகுப்பது என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். ஆனால் நெருப்பு வீரனின் வாள்முனையில் தீ எரியும், நீர் வீரனின் வாளிலிருந்து அலை பாயும் என்ற அளவில்தான் கற்பனை ஓடியிருந்தது. ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1645-இல், தம் இறுதி நாட்களில், மண், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று ஐந்து சுருள்களாகத் தம் கலையை எழுதி வைத்தார். அதில் ஒரு வாளும் எரிவதில்லை. நீர்ச்சுருள் வாளைக் கையாளும் முறையைச் சொல்கிறது. நெருப்புச்சுருள் போரின் மூர்க்கத்தைச் சொல்கிறது. நம் சிலம்பத்திலும் ஆசான் முதலில் பழக்குவது காலடியைத்தான். ஆகவே பூதத்தை வாளிலிருந்து இறக்கிக் காலில் வைத்தோம்.

மண் என்றால் உப்பளச் சேற்றில் ஊன்றிய கால்: அசைக்க முடியாது, தானும் அசையாது. நெருப்பு முன்னேறித் தாக்கும், தடுக்காது. காற்று சுற்றி வரும். அதன் வெட்டு இலேசானது. நீருக்குத்தான் பிள்ளைகள் வெகுநேரம் திகைத்தார்கள். நம் ஊரிலிருந்து சற்றுத் தொலைவில் கொசத்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அங்கே இடுப்பளவு நீரில் நின்று கையால் இறால் தடவுவோரை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நீர் ஏறும்போது எதிர்த்து நிற்பதில்லை. இடம் கொடுத்து விலகி, வற்றும்போது வேலையைத் தொடர்வார்கள். நீர் வீரன் அவ்வாறே பின்வாங்கி, ஓங்கியவன் நிலை தளர்ந்த கணத்தில் வெட்டுவான் என்று எழுதிக்கொண்டோம். ஆகவே நீர் நெருப்பை வெல்லும். நெருப்பு காற்றை வெல்லும். காற்று மண்ணைச் சுற்றி வந்து வெல்லும். மண் நீருக்கு அணை.

ஆயினும் இது வெறும் ஊகமாட்டமாகிவிடும் அல்லவா? இங்கே நமக்குக் கைகொடுத்தது யூனானி வைத்தியம். நெருப்பு வெப்பமும் வறட்சியும். காற்று வெப்பமும் ஈரமும். நீர் குளிர்ச்சியும் ஈரமும். மண் குளிர்ச்சியும் வறட்சியும் என்பது ஹகீம்களின் பாடம. ஒரு குணமேனும் பொதுவாக உள்ள நிலைக்கு மட்டுமே வீரன் மாறலாம் என்று விதித்தோம். நெருப்பில் நின்றவன் அடுத்த அடியில் காற்றுக்கோ மண்ணுக்கோ போகலாம். நீருக்குப் போக முடியாது. எதிரிக்கு அது தெரியும். இருவரும் தத்தம் நிலையைப் புளியங்கொட்டை அடியில் மறைத்து வைத்து ஒரே வேளையில் திறக்கும்போது, எதுவும் விதியின் கையில் இல்லை.

வாளின் இரும்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றாள் மருமகள். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி வாள்களைப் பற்றியே தனி நூல் எழுதி, இரும்பைக் கடியது, மெல்லியது என்று பிரித்துக் காட்டினார். சரந்தீப் வாள்களும் அதில் இடம்பெறுகின்றன. நம் கொடுமணலிலோ உருக்கு உலைகளும் மண்குகைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. கடிய வாள் மண்நிலையில் மோதினால் முறியும், மெல்லியது வளையும் என்று ஒரு விதி எழுதினோம். அது ஆட்டத்தை இழுத்தடித்ததால் பிறகு கைவிட்டோம். எனினும் கொடுமணல் என்ற பெயர் பிள்ளைகளின் வாயில் தங்கிவிட்டது.

வாப்பாவின் ஐயம் முற்றும் தீரவில்லை. “மறைத்து வைப்பதும் ஊகம்தானே?” என்று கேட்டு, தாமே மேசைக்கு வந்தார்கள். பேத்தியிடம் மும்முறை தோற்றார்கள். நான்காம் முறை கொட்டையைத் திறக்குமுன்பே, “நீருக்குப் பிறகு நீ காற்றுக்குப் போவதே இல்லை” என்று சொல்லிவிட்டு வென்றார்கள். “இது கணக்குத்தான்” என்பது அவர்கள் தீர்ப்பு.

ஹகீம்களுக்கு நான்கு பூதம், தமிழருக்கு ஐந்து. ஆகாயத்தை எங்கே வைப்பது என்ற வழக்கையும் வாப்பாவே தீர்த்தார்கள்: இருவரும் ஒரே வேளையில் வெறுங்கையைத் திறந்தால் வாள்கள் உறைக்குள் போகும், சண்டை நின்றுவிடும். வெல்கிறவன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான் என்று மருமகன் இன்னும் வாதாடுகிறான். இதுவரை ஒரே ஒரு முறைதான் அது நடந்திருக்கிறது. அடுக்களையிலிருந்து பிரியாணி வாசம் வந்த வெள்ளிக்கிழமை நண்பகலில்.