கெலவரப்பள்ளி ஹவில்தாரும் நான் திருப்பி வாங்கிய சர்ட்டிபிகேட்டும்

கொஞ்சம் நீளமான த்ரெட். துப்பாக்கி பற்றியது. உங்களில் பெரும்பாலானவங்க துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டீங்க. ஆனா 45 தாண்டின கண்ணு உங்களுக்கு இருக்கு, இல்லன்னா வீட்டுல யாருக்காவது இருக்கு. அதனால படிங்க. சம்பந்தப்பட்டவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். ஆளை அடையாளம் காட்டுற விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஓசூர் பக்கம் தெரியாதவங்களுக்கு: கெலவரப்பள்ளிங்கறது தென்பெண்ணை ஆத்துல இருக்கிற அணை. பெங்களூரு கழிவெல்லாம் கலந்து வர்றதால, தண்ணி திறந்துவிட்டா நுரை பஞ்சுப் பொதி மாதிரி பொங்கி நிக்கும். டிவியில பார்த்திருப்பீங்க. அதைப் பத்தித் தனியா எழுதணும், இன்னிக்கு வேண்டாம்.

அங்க ஒரு ஞாயித்துக்கிழமை கண் பரிசோதனை முகாம். வர்றவங்கள்ல பாதிப் பேர் லேத், சிஎன்சி ஆபரேட்டருங்க. "வெர்னியர் கோடு தெரியல சார்"னு வருவாங்க. மீதிப் பேர் ரோஜாத் தோட்டத்துல வேலை செய்யறவங்க. எல்லாருக்கும் ஒரே கதை, வெள்ளெழுத்து. நம்ம பக்கம் சாளேசரம்னு சொல்லுவாங்க, கன்னடத்துல சாளீசு. இந்தியில சாலீஸ்னா நாப்பது. நாப்பது வயசுல வர்றதுனால அந்தப் பேரு. மூணு மொழி பேசற ஊருக்குப் பொருத்தமான வியாதி.

சாயங்காலம் கடைசியா வந்தார் அவர். 57 வயசு, முறுக்கு மீசை. ராணுவத்துல ஹவில்தாரா ரிட்டயர் ஆகி, பணம் கொண்டுபோற வண்டியில கன்மேன். சொந்த லைசென்ஸ், சொந்த .315 ரைபிள்.

"சார், பேப்பர் படிக்கறது பிரச்சினை இல்ல. ஃபோர்சைட் தெரியல. கம்பெனியில வருஷம் ஒருக்கா ஃபயரிங் வைப்பாங்க. போன தடவை அஞ்சுல ரெண்டுதான் பட்டுச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கேட்ல உக்கார வெச்சிடுவோம்னுட்டாங்க. ஸ்கோப் மாட்டிக்கலாமா?"

கேட் டியூட்டின்னா சம்பளம் குறையும். பொண்ணு நர்சிங் மூணாவது வருஷம். லைசென்ஸ் புதுப்பிக்கவும் நேரம் வந்துடுச்சு, அதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வேணும்னார்.

நானும் காலேஜ்ல என்சிசி. .22 சுட்டிருக்கேன். அதனால ஆர்வமாயிட்டேன். அந்த ஆர்வம்தான் பின்னாடி வினையாச்சு.

சாதாரண ரைபிள்ல குறி பார்க்கறப்ப மூணு பொருளை ஒரே கோட்டுல நிறுத்தணும். கண்ணுக்குக் கிட்ட இருக்கிற பேக்சைட், குழல் நுனியில இருக்கிற ஃபோர்சைட், தூரத்துல டார்கெட். மூணும் மூணு தூரம். எந்தக் கண்ணாலயும் மூணையும் ஒரே நேரத்துல தெளிவா பார்க்க முடியாது. இருபது வயசுக் கண்ணு லென்ஸைச் சட்டுசட்டுனு மாத்தி சமாளிச்சிடும். அம்பது தாண்டினா லென்ஸ் இறுகிப் போயிடும், மாத்த முடியாது. அப்ப எதை விடறது, எதைப் பிடிக்கறது? ஃபோர்சைட்டைப் பிடிக்கணும். அது தலைமுடி அளவு விலகினாலும் குண்டு எங்கேயோ போகும். டார்கெட் கொஞ்சம் மங்கலா இருந்தா பரவாயில்லை.

அவர் போட்டிருந்தது பைஃபோகல். கீழ்ப்பாதி 40 சென்டிமீட்டர்ல படிக்கறதுக்கு, மேல்பாதி தூரத்துக்கு. ஃபோர்சைட் இருக்கறது ரெண்டுக்கும் நடுவுல. கீழ்ப்பாதி வழியா பார்க்கணும்னா தாடையைத் தூக்கணும், தூக்கினா கன்னம் கட்டையை விட்டு எழும்பிடும். ப்ரோக்ரெசிவ் கண்ணாடியும் உதவாது. தலையைச் சாய்ச்சுக் கட்டையில வெச்சா, மூக்குப் பக்க மேல் மூலை வழியாத்தான் பார்வை போகும். சிலது அங்க நெளியும்.

அறையில மூலையில நின்ன மாப் குச்சியைக் கொடுத்து "சிஸ்த் எடுங்கண்ணா"ன்னேன். பட்டாளத்துல குறி பார்க்கறதுக்கு அதான் சொல்லு. சட்டுனு கால் விரிஞ்சது, தோள் இறங்கினது, கன்னம் குச்சியில ஒட்டினது. வெளிய வரிசையில இருந்த பாட்டி பயந்துட்டாங்க. அவர் துப்பாக்கி நீளத்தைக் கேட்டுக் குச்சியில கோடு போட்டு டேப்பால அளந்தேன். கண்ணுல இருந்து ஃபோர்சைட் சுமார் 80 சென்டிமீட்டர்.

80 செ.மீ.ல சரியா ஃபோகஸ் ஆக +1.25 பவர் கூடுதலா வேணும். முழுசா கொடுத்தா டார்கெட் கரைஞ்சு போயிடும். அதனால பாதி, அதாவது +0.50 இல்லன்னா +0.75. தூரப் பார்வைப் பவரோட அதைச் சேர்த்து, முழு லென்ஸும் ஒரே பவரா, சுடறதுக்கு மட்டும் தனிக் கண்ணாடி. +0.75 எழுதிக் கொடுத்தேன்.

ஸ்கோப் வேண்டாம்னேன். ஸ்கோப்ல குறிக்கோடும் டார்கெட்டும் ஒரே ஃபோகஸ்ல தெரியும், வயசான கண்ணுக்கு சொகம்தான். ஆனா பார்வை வட்டம் சின்னது. நெரிசல் தெருவுல வண்டிப் பக்கத்துல நிக்கற ஆளுக்குப் பக்கவாட்டுல யார் வர்றாங்கன்னு தெரியணும். ரெட் டாட்டும் நல்லதுதான், டார்கெட்டை மட்டும் பார்த்தா போதும். ஆனா அவருக்கு சிலிண்டர் பவர் இருந்தது, சரி செய்யாம பார்த்தா புள்ளி நட்சத்திரம் மாதிரி சிதறும். "கிளப்ல யார்கிட்டயாவது பீப் சைட் இருந்தா பார்த்துட்டு வாங்க"ன்னேன். பேக்சைட்டுக்குப் பதிலா சின்ன ஓட்டை. அது வழியா பார்த்தா கிட்டயும் தூரமும் ஓரளவு தெளிவாகிடும். நம்ம கிளினிக்ல ஓட்டை போட்ட கறுப்புத் தட்டைக் கண்ணு முன்னால வைப்போமே, அதே தத்துவம்தான். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிகள்ல இதுதான் இருக்கும். 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினது இப்படி ஒரு ஓட்டை வழியா பார்த்துத்தான். அந்த டார்கெட்ல பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர்தான்!

உற்சாகப்படுத்தறதுக்கு ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஸ்வான் கதையும் சொன்னேன். 1920 ஒலிம்பிக்ல 72 வயசுல துப்பாக்கி சுடுதல்ல வெள்ளி வாங்கினவர். சர்ட்டிபிகேட்ல கையெழுத்தும் போட்டேன். சந்தோஷமா போனார்.

மூணு வாரம் கழிச்சு கிளினிக்குக்கு வந்தார். மொகம் சரியில்லை.

"சார், காலையில ஏழு மணிக்கு நல்லா இருக்கு. பதினொரு மணி வெயில்ல எல்லாம் வெள்ளையாப் பூசின மாதிரி ஆகுது. நீங்க சொன்ன ஓட்டை சைட்டும் பார்த்தேன். அதுல இன்னும் மோசம்."

எனக்கு வயித்துல புளி கரைச்சது. வெறும் பவர் குறைதான்னா ஓட்டை வழியா பார்த்தா நல்லா தெரியணும். இன்னும் மோசமாச்சுன்னா நடுவுல ஏதோ மறைக்குதுன்னு அர்த்தம். வெயில்ல கண்பாவை சுருங்கும், நடுப்பகுதி வழியா மட்டும்தான் வெளிச்சம் உள்ள போகும். அதே கதை.

மருந்து விட்டு விரிச்சுப் பார்த்தேன். வலது கண்ணுல லென்ஸோட பின்பக்கச் சவ்வை ஒட்டி, சரியா நடுவுல புரை. சர்க்கரைக்காரங்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கும் இது சீக்கிரம் வரும். சுகர் கேட்டேன். "இருக்குன்னாங்க சார், மாத்திரை விட்டுட்டேன்." சுகர் ஏறி இறங்கினா லென்ஸ் பவரே மாறும். நான் கணக்குப் போட்ட +0.75 எந்த நாளைக்கு சரியோ, யாருக்குத் தெரியும்?

முகாம்ல நான் கண்ணை விரிச்சுப் பார்க்கலை. அரையிருட்டு அறையில சார்ட்ல கடைசிக்கு முந்தின வரியைப் படிச்சார், எனக்கு அது போதுமா இருந்தது. மாப் குச்சியை அளந்தேன், சுகர் இருக்கான்னு கேக்கலை. நல்லவேளை, விழித்திரையில சேதம் இல்லை.

அடுத்து நான் சொல்ல வேண்டியது கஷ்டமான விஷயம். "அண்ணா, அந்த சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுங்க."

அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அஞ்சு வருஷத்துக்கு லைசென்ஸ் சார்"னார். ஆமா, 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மூணு வருஷம் அஞ்சு வருஷமாச்சு. 57 வயசு சர்க்கரைக் கண்ணுக்கு அஞ்சு வருஷம் எவ்வளவு நீளம்னு யோசிச்சுப் பாருங்க. பஜார்ல, பள்ளிக்கூடம் விடற நேரத்துல, மங்கலான கண்ணோட லோட் பண்ணின ரைபிள். அதுல என் கையெழுத்து.

"இடது கண்ணு பரவாயில்லை, இடது தோள்ல வெச்சுப் பழகறீங்களா?"ன்னு கேட்டேன். முறைச்சார். 24 வருஷப் பழக்கம், போல்ட்டும் வலது பக்கம். கேட்டது என் தப்பு.

பையில இருந்து காகிதத்தை எடுத்து மேஜையில வெச்சிட்டு, வணக்கம் சொல்லாம போயிட்டார். ஒரு மாசம் ஆளையே காணோம். சர்க்கரை டாக்டர்கிட்ட மட்டும் போறார்னு தெரிஞ்சது. எலெக்‌ஷன் சமயத்துல ஒப்படைக்கிற மாதிரி ரைபிளை ஸ்டேஷன்ல கொடுத்துட்டு, கம்பெனியில அவரே கேட் டியூட்டி கேட்டு வாங்கியிருந்தார். நானா இருந்தா செஞ்சிருப்பேனான்னு தெரியலை.

சுகர் கட்டுக்கு வந்ததும் ஆபரேஷன். உள்ள வைக்கிற லென்ஸோட பவரை நாமதான் தேர்ந்தெடுக்கறோம். மல்டிஃபோகல் வேண்டாம்னு முடிவு பண்ணினேன். அது வெளிச்சத்தைப் பங்கு போடும், சிலருக்கு ராத்திரி வெளக்கைச் சுத்தி வளையம் தெரியும். ஒத்தை ஃபோகஸ் லென்ஸ்தான். வழக்கமா தூரத்துக்குச் சரியா வர்ற மாதிரி வைப்போம். இவருக்கு அரை பவர் கிட்டப்பார்வை மிஞ்சற மாதிரி வெச்சேன், ஃபோகஸ் சுமார் ரெண்டு மீட்டர்ல. தூரம் கொஞ்சம் மென்மையா தெரியும், ஃபோர்சைட்டும் கைக்குள்ள வரும். ரோட்டுல போக வரத் தனிக் கண்ணாடி. இதையெல்லாம் அவர்கிட்ட வரைஞ்சு காட்டி, அவர் சரின்னதும்தான் செஞ்சேன். .315 தோள்ல நல்லா உதைக்கும், அதனால ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் தொடக் கூடாதுன்னேன்.

இந்த த்ரெட்டைப் படிக்கறவங்க கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். வெயில்ல மங்கலா, சாயங்காலம் தெளிவா தெரியுதுன்னு அப்பாவோ அம்மாவோ சொன்னா, கண்ணாடிக் கடையோட நிறுத்திடாதீங்க. கண்ணை விரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. சுகர் பார்த்துட்டுக் கண்ணாடி போடுங்க.

போன வாரம் வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ வந்தது. பதினொரு மணி வெயில்ல எடுத்த டார்கெட் பேப்பர், நாலு ஓட்டை ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல, ஒண்ணு மட்டும் வெளிய. கீழ வாய்ஸ் நோட்: "சார், அந்த ஒண்ணுக்குக் கண்ணைச் சொல்லாதீங்க. ட்ரிகரை வெடுக்குனு இழுத்துட்டேன். சர்ட்டிபிகேட்டுக்கு எப்ப வரட்டும்?"

வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். சுகர் ரிப்போர்ட்டோட.